காஹுவுக்குப் பொறுப்பாளர்

வைபுஹி
மார்ச் 4

ரேவி,

போனில் பேசினால் நம்மில் ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். போன தடவை நான், அதற்கு முந்தின தடவை நீ. அதனால் எழுதுகிறேன்.

நீ வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனதைப் பற்றி எழுத உட்காரவில்லை. அதை விமான நிலையத்திலேயே பேசி முடித்துவிட்டோம், சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி. ஸ்டேஷன் விஷயம் மட்டும் சொல்கிறேன். ஐந்து போலீஸ்காரர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது நானும் ரோரியும்தான். ரோரி பயிற்சி முடித்து நேராக இங்கே வந்தவன். சட்டை மடிப்பு இன்னும் கலையவில்லை. ரோட்டில் ஆடுகள் நிற்கின்றன என்று யாரோ கூப்பிட்டதற்கு, "சைரன் போடலாமா சார்ஜென்ட்?" என்று கேட்டான். உன் இடத்துக்கு ஆள் எப்போது வரும் என்று தலைமையகத்தில் கேட்டால், உங்கள் கோரிக்கை பதிவாகியிருக்கிறது என்கிறார்கள்.

இப்போது காஹு. உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். திருட்டு வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி ஹன்சாபென் கடைக் கண்ணாடியை உடைத்த மூன்று பேரில் அவள் ஒருத்தி. பதினைந்து வயது. கோர்ட்டுக்குப் போக வேண்டியவளைக் குடும்பக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தவன் நீ. சனிக்கிழமை அதே கடையில் வேலை, புதன்கிழமை உன்னோடு படகுப் பயிற்சி, பள்ளிக்கூடம் தவறக் கூடாது. ஒரு வருடம் இப்படி இருந்தால் வழக்கு இல்லை. பொறுப்பாளர் என்று உன் பெயரை நீயே எழுதினாய். ஹன்சாபென் அன்றைக்குச் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது: "இந்தப் பொண்ண நான் நம்பல. உன்னை நம்பித்தான் கடைக்குள்ள விடறேன்."

போன சனிக்கிழமை காலை காஹுவை வளர்க்கும் விக்கி அத்தை வீட்டுப் பக்கம் போனேன். காஹு தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு கேட் அருகே நின்றிருந்தாள்.

"யாருக்காக நிக்கற?"

"யாருக்கும் இல்ல, ஆன்ட்டி."

"கடைக்குத்தானே? ஏறு."

ஏறினாள். வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நீ எங்கே, ஏன் போனாய், எப்போது வருவாய், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போவதற்கு முன்னால் அவளிடம் சொன்னாயா இல்லையா? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

எரானா


பாரலோ, வடக்கு க்வீன்ஸ்லாந்து
ஏப்ரல் 16

அக்கா,

சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். விக்கி அத்தை வீட்டுப் படியில் உட்கார்ந்து அவள் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டேன்.

இங்கே வெயில். கரும்புக் காட்டுக்கு நடுவில் ஊர். வைபுஹியில் பாதிப் பேர் இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் நம் ஊர்த் திருவிழாவுக்குப் போன மாதிரி இருக்கிறது. என்னோடு ஒரே வண்டியில் சுற்றுபவன் பெயர் லாக்லன். வாயாடி. முதல் நாளே, "உங்க ஊர்ல இனிமே ஆட்டை யாருய்யா பிடிப்பாங்க? போலீஸ் பூரா இங்க வந்துட்டீங்களே" என்றான். அவன் மனைவி சமைத்ததில் பாதி எனக்குக் கட்டிக்கொண்டு வருகிறான். அவனுக்கு ஒரு பெரிய நாய் இருக்கிறது, யார் சொல்லையும் கேட்காது.

விமான நிலையத்தில் நீ கேட்டாய், சம்பளத்துக்காகவா போகிறாய் என்று. ஆமாம் என்று சொன்னேன். அது சுலபமான பதில்.

தமா லாரிக்கு அடியில் மாட்டிச் செத்த அன்று, அவன் அம்மா ரிப்பேக்கா அத்தையிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான்தானே, வேறு ஆள் இல்லை. சொன்னேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அலறினாள். சின்ன வயதில் நம் இரண்டு பேருக்கும் சோறு போட்டவள். நான் அவள் தலைக்கு மேலே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ரிப்போர்ட்டை இன்றைக்கே அனுப்பிவிட முடியுமா என்று. திரும்பி வரும்போது மீனும் சிப்ஸும் வாங்கி வண்டியிலேயே தின்றேன். நன்றாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. பயமாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது.

இடம் மாறினால் சரியாகும் என்று நினைத்தேன். இன்னும் தெரியவில்லை.

காஹு எப்படி இருக்கிறாள்?

ரேவி


வைபுஹி
ஜூன் 11

ரேவி,

ரிப்பேக்கா அத்தை வீட்டு விஷயத்தை நீ அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். சொல்லியிருந்தால், போய்த் தூங்கு, காலையில் உனக்குத்தான் டூட்டி என்றிருப்பேன். அதனால் நீ சொல்லாததும் ஒன்றுதான்.

காஹு எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். இங்கே இல்லை.

சில வாரம் நானே கூட்டிக்கொண்டு போனேன். கடையில் நன்றாகத்தான் வேலை செய்தாள். ஹன்சாபென் அவளுக்கு டீ போடக் கற்றுக்கொடுத்து, அந்த டீயைக் குறை சொல்லிக்கொண்டே குடித்தாள். படகுப் பயிற்சிக்கு என்னால் முடியவில்லை. ஒரு புதன்கிழமை அவளே கேட்டாள்:

"ஆன்ட்டி, நீங்க எத்தன நாளைக்கு இருப்பீங்க?"

"நான் எங்கடி போகப் போறேன்?"

"அங்கிளும் அதான் சொன்னாரு."

அவ்வளவுதான் உன்னைப் பற்றி அவள் சொன்னது.

அப்புறம் மழையில் மண் சரிந்து கடற்கரைச் சாலை அடைபட்டது. நானும் ரோரியும் மாறி மாறி அங்கேயே நின்றோம். சனிக்கிழமை கேட்டில் நின்றிருப்பாள். யாரும் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் கூட்டத்துக்குப் போலீஸ் தரப்பில் ஒருவர் உட்கார வேண்டும். என்னால் போக முடியாமல் இரண்டு தடவை தள்ளிப்போட்டார்கள். மூன்றாவது தடவைக்குள் அவள் தன் மாமன் மகன்களோடு இன்னொரு திருட்டு வண்டியில் ஏறிவிட்டாள். கோர்ட்டுக்குப் போயிற்று. திட்டம் கைவிடப்பட்டது என்று நீதிபதி படித்தபோது, கைவிட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சீருடையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னால இனிமே முடியாது எரானா" என்று விக்கி அத்தை கையை விரித்துவிட்டாள். அவளை அவள் அப்பாவிடம் அனுப்பிவிட்டார்கள், தானே என்று பெயர். அவன் உங்கள் ஊர் இறைச்சித் தொழிற்சாலையில்தான் இருக்கிறான்.

அவளைப் போய்ப் பார் என்று நான் கேட்கவில்லை. அங்கே இருக்கிறாள் என்று சொல்கிறேன்.

எரானா


பாரலோ
ஜூலை 23

அக்கா,

பார்த்தேன். கடைவீதியில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் சில பையன்களோடு உட்கார்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கும் போனேன். கதவைத் திறக்காமலே கேட்டாள்:

"யாரு?"

"நான்தான். ரேவி."

"அப்படி யாரையும் தெரியாது. வீடு மாறி வந்துட்டீங்க."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு தானேயைப் பெட்ரோல் பங்கில் பார்த்து நடந்ததைச் சொன்னேன். சிரித்தான். "நல்ல சம்பளம்னு நானும் உன்ன மாதிரிதான் வந்தேன், தம்பி. அப்ப அவ தவழ்ந்துட்டு இருந்தா. ஒரே வீட்ல இருக்கோம், என்கிட்டயே இன்னும் முகம் குடுத்துப் பேசல. நீ எனக்குப் பின்னாடி வரிசையில நில்லு."

வேறு ஒன்றுமில்லை. வேலை அப்படியே போகிறது. இங்கேயும் ஆட்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்; சுரங்கத்துக்கு, நகரத்துக்கு, சிலர் வீட்டுக்கே. நாங்கள் வந்து நிரப்புகிறோம். ஒருவன் விட்டுப்போன அலமாரியில் இன்னொருவன் சட்டையை மாட்டுகிறான்.

ரேவி


வைபுஹி
ஆகஸ்ட் 27

ரேவி,

ரோரியும் போகிறான். க்வீன்ஸ்லாந்துக்குத்தான். உங்கள் போலீஸ் ஆட்கள் டவுன் ஓட்டலில் ஒரு சாயங்காலம் ஆளெடுக்கக் கூட்டம் போட்டார்கள். காபி, கேக், கடற்கரைப் படம் போட்ட தாள். ரோரி என்னிடம் மறைக்கவில்லை, அதற்காக அவனைப் பிடிக்கிறது. "தப்பா நினைச்சுக்காதீங்க சார்ஜென்ட்" என்றான்.

"நினைக்கல."

"கோபமா இருக்கீங்களா?"

"இல்ல."

உண்மையாகவே கோபமில்லை. அவன் போன பிறகு கோபம் வருமா என்று காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. மேசையில் அவன் பாதி குடித்துவிட்டு வைத்த கோப்பை இருந்தது. கழுவி வைத்தேன்.

கொஞ்ச நாளாக இப்படித்தான் இருக்கிறேன். யாராவது இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறேன். ஹன்சாபென், "உன் கண்ணு முழிச்சிருக்கு, ஆனா நீ தூங்கற" என்றாள். அவள் கடைக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. காஹு எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். "யாருக்காவது தெரியுமா?" என்றாள்.

தெரியுமா?

எரானா


பாரலோ
செப்டம்பர் 30

அக்கா,

இதைப் போனில் சொல்ல என்னால் முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு வெள்ளை வண்டி திருடு போயிற்று. ஓட்டுகிறவனும் கூட இருப்பவர்களும் சின்னப் பிள்ளைகள் என்று தெரியும். அன்று எங்கள் ஷிப்டில் ஒரே வண்டிதான். இன்னொரு வண்டிக்கு ஆள் இல்லை. டயரைப் பஞ்சராக்கும் ஆணிப்பட்டையை ரோட்டில் விரிப்பதற்கு மூன்று பேர் வேண்டும்: விரிக்க ஒருவர், வண்டியை மறித்து நிறுத்த ஒருவர், எதிரே என்ன வருகிறது என்று கத்திச் சொல்ல ஒருவர். நாங்கள் இரண்டு பேர். லாக்லன் இறங்கி விரித்தான். நான் வண்டியில் இருந்தேன். சொல்ல ஆள் இல்லை.

வண்டி பட்டையை விட்டு ஒதுங்கி, அவன் மேல் ஏறிவிட்டுக் கரும்புக்குள் போய் நின்றது.

உயிரோடு இருக்கிறான். இடுப்பும் ஒரு காலும் நொறுங்கிவிட்டன. ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருந்தேன். "நாயை யாராச்சும் பாத்துக்கங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனை ஏற்றி அனுப்பிய பிறகுதான் கரும்புக்குள் போனேன். மூன்று பேர் ஓடிவிட்டிருந்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போட்டபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"பெல்ட்டைக் கழட்டு."

கழற்றினாள்.

"நீ ஏன் ஓடல?"

"எங்க ஓடறது, அங்கிள்?"

இங்கே வந்த பிறகு அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவளை வண்டியில் ஏற்றினேன். லாக்லன் ரத்தம் சட்டையில் இருந்தது. கோபம், வருத்தம், எதையாவது தேடினேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு நாக்கால் கன்னத்தைத் தடவிப் பார்ப்பது போலத் தேடினேன்.

ஓட்டியவனை மறுநாள் பிடித்துவிட்டார்கள். அவன் கோர்ட்டுக்குப் போவான். காஹு ஓட்டவில்லை, திருடவும் இல்லை, ஏறி உட்கார்ந்திருந்தாள். எனக்கு இவளைத் தெரியும் என்று சார்ஜென்ட் மார்கோவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சொன்னார்: "தெரிஞ்சா நல்லதுதான். பின்னாடி உக்காந்திருந்ததுக்குக் கோர்ட்டா, சமரசக் கூட்டமா, நீயே எழுதிக் குடு, நான் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன். எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ இந்த ஸ்டேஷன சுத்திப் பாத்துக்கோ. எல்லார் முகத்தையும் பாத்துக்கோ."

பார்த்தேன். லாக்லன் நாற்காலியில் யாரோ அவன் தொப்பியை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எது வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேயும் அதேதான், அக்கா. கூட்டத்துக்கு அனுப்பினால் ஆறு மாதத்துக்கு ஒரு போலீஸ்காரர் பொறுப்பெடுக்க வேண்டும். உன்னிடம் இன்னொன்றும் சொல்லவில்லை. சுரங்கத்தில் காவல் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. நவம்பரில் சேர வேண்டும். கேட் அருகே உட்கார்ந்து வண்டிகளின் நம்பரைப் பார்க்கிற வேலை. யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்.

நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

ரேவி


வைபுஹி
அக்டோபர் 9

ரேவி,

நானாக இருந்தால் என்ற கேள்வியை என்னிடம் கேட்காதே. நானாக இருந்து என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும்.

நீ சுரங்கத்துக்குப் போவதாக இருந்தால் போ. நான் திட்ட மாட்டேன், சத்தியமாக. ஆனால் அப்படியானால் அவளைக் கோர்ட்டுக்கு அனுப்பு. நீதிபதி சொல்வதைச் சொல்லட்டும். அவளுக்கும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்காது. கூட்டத்துக்கு அனுப்புவதாக இருந்தால் அங்கேயே இரு. ஆறு மாதமும் இரு. காய்ச்சல் வந்தாலும், பிடிக்காவிட்டாலும், ஸ்டேஷனில் யாரும் உன்னோடு சாப்பிட உட்காராவிட்டாலும் இரு. கூட்டத்துக்கு அனுப்பிவிட்டு நீ கிளம்பிப் போகக் கூடாது. அதை மட்டும் செய்யாதே.

நான் இனிமேல் எந்தப் பிள்ளைக்கும் குடும்பக் கூட்டம் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தனி ஆளாக இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல என் வாயில் வார்த்தை வரவில்லை.

உன் நண்பனின் மனைவிக்கு எழுதலாமா என்று நினைத்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ சொல்.

எரானா


பாரலோ
நவம்பர் 18

அக்கா,

கூட்டம் நேற்று நடந்தது. லாக்லன் சம்மதிக்காவிட்டால் கூட்டமே இல்லை என்பது விதி. ஆஸ்பத்திரியில் அவனிடம் கேட்கப் போன அன்று, "நீ எனக்கு நண்பனா, அவளுக்கு நண்பனா?" என்றான். தெரியலைடா என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு வாரம் கழித்து அவன் மனைவி ஜோவானா போன் செய்தாள். "வர்றேன்னு சொல்றாரு. ஏன்னு கேக்காத."

நூலகத்துக்குப் பின்னால் உள்ள அறை. சக்கர நாற்காலியில் லாக்லன், பக்கத்தில் ஜோவானா. எதிரே காஹுவும் தானேயும். தானே தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருந்தான், வெள்ளை ரப்பர் பூட்ஸோடு. கூட்டத்தை நடத்தியவர் மிஸஸ் டாலி, ஓய்வுபெற்ற நர்ஸ்.

காஹு எழுதி வைத்திருந்த மன்னிப்பைப் படிக்க ஆரம்பித்தாள். லாக்லன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அது வேணாம். நான் ஒண்ணு கேக்கறேன். நான் ரோட்ல நின்னது உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நிறுத்துடான்னு அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

மிஸஸ் டாலி ஏதோ சொல்ல வந்தார். லாக்லன் அவரையும் நிறுத்தினான். காஹு கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லணும்னு தோணல. எது நடந்தாலும் சரின்னு இருந்துச்சு. எனக்கு நடந்தாலும் சரின்னு."

ஜோவானா எழுந்து வெளியே போய்விட்டாள். தானே முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன அந்த இடம் எனக்குத் தெரியும், அக்கா. அங்கே நான் நெடுநாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

லாக்லன் அவள் கையிலிருந்த தாளையே பார்த்தான். பிறகு, "எனக்குப் பொய் சொல்றவங்களப் பிடிக்காது. நீ சொல்லல" என்றான். அது பாராட்டு மாதிரி இல்லை. கணக்கை நேர் செய்கிற மாதிரி சொன்னான்.

ஒப்பந்தத்தில் என்ன வேண்டும் என்று மிஸஸ் டாலி அவனைக் கேட்டார். அவன் யோசித்துவிட்டு, "என் நாயை நடக்கக் கூட்டிட்டுப் போகணும். தினமும். நான் நடக்கற வரைக்கும்" என்றான். "அது உன்ன இழுத்துட்டுப் போகும். சொன்ன பேச்சு கேக்காது. எனக்கு அதப் பத்திக் கவலையில்ல." உள்ளே வந்த ஜோவானா வாசலிலேயே நின்று, "வீட்டுக்குள்ள வரக் கூடாது. கேட்டோட நிக்கணும்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பொறுப்பாளர் யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். சுரங்கத்துக்குக் காலையிலேயே போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டிருந்தேன். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் அடுத்தவன் இருப்பான்.

கையெழுத்துப் போடும்போது காஹு என் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. என் முகத்திலும் ஒன்றும் இருந்திருக்காது.

ஸ்டேஷனில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

ஜோவானாவுக்கு எழுத வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம்.

ரேவி


வைபுஹி
டிசம்பர் 10

ரேவி,

உன் கடிதத்தை வண்டியில் வைத்துப் படித்தேன். படித்து முடித்த பிறகும் வண்டியை எடுக்கவில்லை.

இந்த வாரம் ஒரு பையனைக் கோர்ட்டுக்கு அனுப்பினேன். பதினான்கு வயது. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டிருந்தான், விற்கக்கூட இல்லை. முன்பென்றால் நீயும் நானும் அவன் அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து பேசியே முடித்திருப்போம். நான் தாளை நிரப்பிக் கொடுத்தேன். அவன் அம்மா வாசல்வரை வந்து என் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றி எரானா, நீ இருக்கறதால தைரியமா இருக்கோம்" என்றாள். நான் என்ன செய்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரியில் ஒரு புது ஆள் வருகிறாள் என்கிறார்கள். பெயர்கூடச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் உண்மையாக இருக்கலாம். அதுவரை வைபுஹி ஸ்டேஷன் பகலில் மட்டும் திறந்திருக்கும். வாசலில் தாள் ஒட்டியிருக்கிறேன்.

உன் மேல் எனக்கு இருந்த கோபத்தைத் தேடினேன். அதுவும் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. எதுவும் இல்லை, அவ்வளவுதான். நீ சொன்ன அந்த ஊசி போட்ட கன்னம் எனக்கும் இருக்கிறது. குடும்பத்துக்கே இருக்கிறதோ என்னவோ.

அவள் நாயோடு போகிறாளா?

எரானா


பாரலோ
ஜனவரி 14

அக்கா,

போகிறாள். முதல் வாரம் இரண்டு நாள் வந்தாள், மற்ற நாள் வரவில்லை. வராத நாட்களில் நான் ஜன்னலைத் தட்டினேன். "தூங்க விடுங்க" என்று கத்தினாள். நான் தெருவிலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தேன். தானே ஒரு நாள் காபி கொண்டுவந்து கொடுத்து, "வரிசையில முன்னாடி வந்துட்ட போலிருக்கே" என்றான். பிறகு அவள் வர ஆரம்பித்தாள். காலையில் நான் வண்டியில் கூட்டிக்கொண்டு போய் விடுவேன், லாக்லன் வீட்டு கேட்டில் நிற்பாள், ஜோவானா சங்கிலியைக் கம்பிக்கு மேலாகக் கொடுப்பாள். நாய் அவளை இழுத்துக்கொண்டு போகும். நான் பின்னால் நடப்பேன். மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் ஆற்றுப் பாலம்வரை போய்த் திரும்புவோம்.

ரோரி எங்கள் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டான். உன்னை இன்னும் சார்ஜென்ட் என்றுதான் சொல்கிறான். லாக்லன் இனி போலீஸ் வேலைக்குத் திரும்ப மாட்டான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நாற்காலியில் இருந்த தொப்பியை ஜோவானா வந்து எடுத்துக்கொண்டு போனாள். அந்த நாற்காலியில் ரோரி உட்காருகிறான். அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நான் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. விழித்துத்தான் இருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது, எழுந்திருக்கவில்லை. காஹு தன் வீட்டு வாசலில் நிற்பாள் என்று தெரிந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வெயில் ஏறி ஜன்னல்வரை வந்துவிட்டது.

கதவை யாரோ தட்டினார்கள். போகவில்லை. நின்று, மறுபடியும் தட்டினார்கள். பிறகு நாய் குரைத்தது.

திறந்தேன். காஹு நின்றிருந்தாள், முகமெல்லாம் வியர்த்து. நாய் அவள் மணிக்கட்டில் சங்கிலியை இறுக்கிக்கொண்டு என் செடித்தொட்டியை முகர்ந்தது. அவள் வீட்டிலிருந்து லாக்லன் வீடு ஊரின் அந்தக் கோடி. என் வீடு இந்தக் கோடி.

"நீ தனியாவா நடந்து வந்த?"

"நீங்க வரல. அதான் நானே போய் வாங்கிட்டு வந்தேன்."

"ஜோவானா குடுத்தாளா?"

"உள்ள கூப்பிட்டு ஒரு கிளாஸ் தண்ணி குடுத்தாங்க." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "செத்துட்டீங்களோன்னு நினைச்சேன்."

"இல்ல."

"சரி, அப்ப வாங்க. இது நிக்காது."

நாய் ஏற்கனவே இழுத்துக்கொண்டிருந்தது. நான் அப்படியே அவர்கள் பின்னால் தெருவில் இறங்கிவிட்டேன். செருப்பு போடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. வெயிலில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. சில அடி நடந்த பிறகுதான் உள்ளங்காலில் ஏறியது. நின்றுவிட்டேன்.

அவளும் நின்றாள். "என்ன?"

"சுடுது" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். காஹு என் காலைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். நாய் ஓரத்துப் புல்லில்தான் நின்றிருந்தது. அவள் வாயோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

"சுடாம என்ன செய்யும்" என்றாள். "போய்ச் செருப்ப மாட்டிட்டு வாங்க, அங்கிள். நாங்க நிக்கறோம்."

நின்றார்கள்.

ரேவி